தண்ணீரில் முளைத்த கால்கள்

தவளை, ஓணான், நாகம், காகம், யானை, மனிதன் ஆகிய எல்லாமே ஒரே கொடிவழியில் வந்தவை. முதுகெலும்பும் நான்கு கைகால்களும் கொண்ட இந்தக் கூட்டத்தை நாற்கால் உயிரிகள் என்று சொல்லலாம். பாம்பு கால்களை இழந்துவிட்டது. திமிங்கிலம் கடலுக்கே திரும்பிப்போய்ப் பின்னங்கால்களைத் தொலைத்தது. பறவைக்கு முன்னங்கால்கள் சிறகாயின. ஆனாலும் வம்சம் மாறவில்லை. இன்று உயிரோடிருக்கும் முதுகெலும்பு உயிரினங்களில் ஏறக்குறையப் பாதி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை, மறுபாதி மீன்கள். நாற்கால் உயிரிகள் அனைத்தும் சுமார் 39 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், ஒரு வகை மீனிலிருந்து கிளைத்தன. அது எந்த வகை மீன், அதன் துடுப்பு எந்த வரிசையில் காலாக மாறியது, ஏன் மாறியது என்ற மூன்று கேள்விகளில் முதலாவதற்கு உறுதியான விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. மூன்றாவது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

எந்த வகை மீன்

எலும்பு மீன்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. சந்தைக்கு வரும் வஞ்சிரம், கெண்டை, விரால் எல்லாம் கதிர்த்துடுப்பு மீன்கள். இவற்றின் துடுப்பு விசிறியைப் போன்றது: மெல்லிய முட்களும் அவற்றுக்கிடையே தோலும்தான். துடுப்பை அசைக்கும் தசை பெரும்பாலும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. மற்றப் பிரிவு சதைத்துடுப்பு மீன்கள். இவற்றின் துடுப்படியில் தசை போர்த்திய எலும்புக் காம்பு ஒன்று உண்டு. தோளோடு சேருமிடத்தில் ஒரே எலும்பு. அதை அடுத்து இரண்டு எலும்புகள். அதற்கப்பால் சிறு எலும்புகளின் கூட்டம். மனிதக் கையிலும் முதலில் மேற்கை எலும்பு ஒன்று, பிறகு முன்கையில் இரண்டு, பிறகு மணிக்கட்டுச் சில்லுகள் என்று இதே அமைப்புதான் இருக்கிறது. நாற்கால் உயிரிகள் அனைத்துக்கும் கைகால்களின் அடிப்படை வரைபடம் ஒன்றே என்பதை ரிச்சர்ட் ஓவன் 1849-லேயே விரிவாக எழுதினார். அந்த வரைபடம் மீனிலேயே தொடங்கிவிட்டது என்பதைப் புதைபடிவங்கள் பிறகு காட்டின.

டெவோனியன் காலத்தில் செழித்திருந்த சதைத்துடுப்பு மீன்களில் இன்று எஞ்சியிருப்பவை எட்டு இனங்கள் மட்டுமே. நுரையீரல் மீன்கள் ஆறு: ஆப்பிரிக்காவில் நான்கு, தென் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. சீலகாந்த் இரண்டு. சீலகாந்த் மீன்கள் டைனோசர்களோடு அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டன. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவலையில் சிக்கிய மீன்குவியலுக்கிடையே மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற அருங்காட்சியகப் பொறுப்பாளர் நீலநிற மீன் ஒன்றைக் கண்டெடுத்தார். அதை அடையாளம் கண்ட ஜே. எல். பி. ஸ்மித் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். இரண்டாவது மீன் கிடைக்க 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. மனிதனின் நேர் முன்னோரே உயிரோடு கிடைத்துவிட்டதைப் போன்ற பரபரப்பு அப்போது பரவியது. அது மிகை. 2013-ல் சீலகாந்தின் மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டபோது, நாற்கால் உயிரிகளுக்கு நெருங்கிய உறவு நுரையீரல் மீன்தான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. நுரையீரல் மீனைப் படிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆஸ்திரேலிய இனத்தின் மரபணுத் தொகுப்பில் 4,300 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதனுடையதைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு. அதைப் படித்து முடிக்க 2021 ஆயிற்று.

நுரையீரல் மீனும் நமக்குப் பங்காளி முறைதான். தகப்பன் முறை அல்ல. இரு வம்சங்களும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நேர்வழியில் நின்ற மீன்கள் அனைத்தும் அழிந்துவிட்டன. அவற்றைப் பாறைகளில்தான் தேட வேண்டும்.

நுரையீரல் முந்தியது

கரையேறிய பிறகு காற்றைச் சுவாசிக்கக் கற்றுக்கொண்டன என்பது பரவலான எண்ணம். நடந்தது நேர்மாறு. வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத நீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கு வாழும் மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால் பிழைத்துக்கொள்ளும். அப்படி விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்க உணவுக்குழாயின் அடிப்புறத்தில் உருவான பையே நுரையீரலின் தொடக்கம். சதைத்துடுப்புப் பிரிவின் நுரையீரல் மீனுக்கும், கதிர்த்துடுப்புப் பிரிவின் பழங்கிளையான ஆப்பிரிக்க பாலிப்டெரஸ் மீனுக்கும் நுரையீரல் இருக்கிறது. ஆகவே இரு பிரிவுகளும் பிரிவதற்கு முன்பே அது தோன்றியிருக்க வேண்டும். பெரும்பாலான மீன்களில் மிதப்பதற்கு உதவும் காற்றுப்பை இந்த நுரையீரலிலிருந்து பின்னால் உருவானது. காற்றுப்பைதான் நுரையீரலாக மாறியது என்று டார்வின் கருதினார்; வரிசை அவருக்குத் தலைகீழாகப் பட்டிருக்கிறது.

காற்றைச் சுவாசிப்பதும் தரையில் நகர்வதும் மீன்களிடையே பல தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தபோது, டால்டார்ஃப் என்ற டேனிய அதிகாரி 1791-ல் குளத்தங்கரைப் பனைமரத்தின் இடுக்கிலிருந்து ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. அந்த மீன் பனையேறிக் கெண்டை. அது உண்மையில் மரமேறுமா என்பதில் விலங்கியலாளர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. மழை நாளில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, ஒரு குளத்தை விட்டு இன்னொரு குளத்துக்குத் தரைவழியே போகும் என்பதில் சந்தேகமே இல்லை. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளின் சேற்றில் துள்ளித் திரியும் சேற்றுத்தாவி மீன்களும் இதே போன்றவை. இவை எல்லாமே கதிர்த்துடுப்பு மீன்கள் என்பதால் நாற்கால் உயிரிகளின் முன்னோர் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. கால் இல்லாமலே ஒரு மீன் தரைக்கு வந்துபோக முடியும் என்பதற்குச் சாட்சியாகத்தான் இவற்றைக் கொள்ளலாம்.

உள்நாசித் துவாரத்தின் கதையும் கரையேறுவதற்கு முந்தியது. மீனுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நாசித் துளைகள்: தண்ணீர் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். நாற்கால் உயிரிகளில் இரண்டாவது துளை வாயின் மேலண்ணத்துக்குள் திறக்கிறது. மூக்கால் மூச்சுவிட முடிவது இதனால்தான். வெளியே இருந்த துளை பற்கள் வரிசையாக நிற்கும் தாடையைத் தாண்டி உள்ளே எப்படிப் போனது என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. சீனாவின் யுன்னானில் கிடைத்த, சுமார் 39.5 கோடி ஆண்டுப் பழமையான கெனிக்திஸ் என்ற சிறு மீனை 2004-ல் ஜூ மின்னும் பேர் ஆல்பெர்க்கும் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. அதன் மேல்தாடையின் இரண்டு எலும்புகளுக்கிடையே, பல்வரிசை அறுபடும் இடத்தில், உதட்டு ஓரத்திலேயே அந்தத் துளை இருந்தது. பாதிவழியில் நின்ற துளையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் புதைபடிவத்தை எதிர்பார்க்க முடியாது.

மீன் பக்கத்துச் சான்றுகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிகுவாஷா என்ற கடலோரப் பாறைச்சரிவு இருக்கிறது. 1999 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். 1881-ல் விவரிக்கப்பட்ட யூஸ்தெனாப்டெரான் இங்கே கிடைத்த மீன். சுமார் 38 கோடி ஆண்டுப் பழமையானது. நீண்ட உடல், செதில், செவுள், வால்துடுப்பு என்று வெளித்தோற்றத்தில் முழு மீன். துடுப்புக்குள் மட்டும் மேற்கை, முன்கை எலும்புகளின் வரிசை தெளிவாகத் தெரிகிறது. ஸ்வீடனின் எரிக் யார்விக் இதன் மண்டையோட்டை மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து, மெழுகு மாதிரியாக மறுபடி கட்டி ஆராய்ந்தார். சி.டி. ஸ்கேன் இல்லாத காலத்தில் பல்லாண்டு பிடித்த வேலை அது.

அடுத்த படியில் நிற்கும் பாண்டெரிக்திஸ் லாட்வியாவில் கிடைத்தது. தலை தட்டையாகி, கண்கள் மேலே ஏறி, முதுகுத் துடுப்புகள் மறைந்துவிட்டன. 2008-ல் எடுத்த ஸ்கேனில் அதன் துடுப்பு நுனியில் விரலின் முன்னோடிகளைப் போன்ற சிறு எலும்புகள் தெரிந்தன.

இந்த வரிசையில் மிகவும் பேசப்பட்டது டிக்டாலிக். அது தற்செயலாக அகப்பட்டதல்ல. இன்ன காலத்துப் பாறையில், இன்ன மாதிரி ஆற்றுப்படுகையில் தேடினால் கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தேடிப்போனார்கள். பாண்டெரிக்திஸ் சுமார் 38 கோடி ஆண்டுப் பழமையானது. விரலுள்ள எலும்புக்கூடுகள் சுமார் 36.5 கோடி. இரண்டுக்கும் நடுவே, ஆற்றுப் படிவாக உருவாகி, மரமோ மண்ணோ மூடாமல் திறந்து கிடக்கும் பாறை எங்கே இருக்கிறது என்று நீல் ஷூபின், டெட் டேஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோர் பார்த்தனர். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பகுதி எல்ஸ்மியர் தீவு பொருந்தியது. 1999-ல் தொடங்கிய பயணங்களில் முதல் சில ஆண்டுகள் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 2004 கோடையில் பாறையிலிருந்து ஒரு தட்டையான மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. 2006 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் விவரம் வெளியானது. பெயரைத் தந்தவர்கள் அப்பகுதி இனுயிட் மூத்தோர்.

டிக்டாலிக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. செதிலும் செவுளும் துடுப்பு முட்களும் இருப்பதால் அது மீன். ஆனால் முதலையினுடையதைப் போன்ற தட்டைத் தலை. அதன் உச்சியில் மேல்நோக்கிய கண்கள். மற்ற மீன்களில் தலையையும் தோளையும் பூட்டிவைக்கும் செவுள் மூடி எலும்புகள் இதில் இல்லை. அதாவது இதற்குக் கழுத்து உண்டு. உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பலாம். விலா எலும்புகள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தண்ணீரின் தாங்குதல் குறையும் இடத்தில் உடலைத் தாங்கும் ஏற்பாடு அது. முன் துடுப்புக்குள் மேற்கை எலும்பு தடித்து, தோளில் பெரிய தசைகள் பற்றிக்கொள்ளும் மேடுகளோடு இருக்கிறது. முழங்கை மடியும். அதற்கப்பால் உள்ள எலும்புகள் மணிக்கட்டு மாதிரி வளையும். தரையில் துடுப்பை ஊன்றி மார்பை உயர்த்த இது போதும். விரல் மட்டும் இல்லை. இடுப்பெலும்பின் விவரம் 2014-ல் வெளிவந்தபோது அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக, தோள் அளவுக்கு நிகராக இருந்தது. முன்துடுப்பு முதலில் வலுத்தது, பின்னங்கால் நிலத்துக்கு வந்த பிறகே வலுத்தது என்ற பழைய கருத்து அதோடு ஆட்டங்கண்டது.

2020-ல் மிகுவாஷா இன்னொரு சான்றைத் தந்தது. எல்பிஸ்டோஸ்டெகி என்ற மீனின் மண்டையோட்டுத் துண்டு மட்டும் 1938 முதல் தெரிந்திருந்தது. 2010-ல் 1.57 மீட்டர் நீளத்தில் முழு உடலும் கிடைத்தது. ஸ்கேன் செய்தபோது, துடுப்பின் தோலுக்கும் முட்களுக்கும் உள்ளே, வரிசையாக அடுக்கிய விரலெலும்புகள் இருந்தன. வெளியே துடுப்பு, உள்ளே விரல்! விரல் தோன்றிய பிறகுதான் துடுப்பு முட்கள் மறைந்தன என்ற வரிசை இதனால் வலுப்பெறுகிறது.

எல்லாரும் கரையை நோக்கியே போகவும் இல்லை. 2022-ல் விவரிக்கப்பட்ட கிகிக்டானியா டிக்டாலிக்கின் நெருங்கிய உறவு; அதே எல்ஸ்மியர் பகுதி. அதன் மேற்கை எலும்பில் ஊன்றுவதற்கான தசை மேடுகள் இல்லை. அது மறுபடி திறந்த நீரில் நீந்தும் வாழ்க்கைக்குப் போய்விட்டது.

எட்டு விரல் விலங்கு

விரலோடு கூடிய எலும்புக்கூடு முதலில் கிடைத்தது கிழக்கு கிரீன்லாந்தில். 1931-ல் அங்கே சென்ற குன்னார் சாவே-சோடர்பெர்க் அப்போது 21 வயது இளைஞர். மறு ஆண்டே இக்தியோஸ்டெகா என்று பெயரிட்டு விவரித்தார். காசநோயால் 1948-ல் 38 வயதில் காலமானார். பொறுப்பை ஏற்ற யார்விக்கின் முழு ஆய்வு நூல் 1996-ல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் உலகம் முழுவதும் பாடநூல்கள் இக்தியோஸ்டெகாவை ஐந்து விரல்களோடு நிலத்தில் நிமிர்ந்து நடக்கும் பெரிய பல்லியைப்போல் வரைந்துவந்தன. நாற்கால் உயிரிக்கு ஐந்து விரல்தான் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அதைக் கலைத்தவர் கேம்பிரிட்ஜின் ஜென்னி கிளாக். 1970 வாக்கில் கிரீன்லாந்து சென்ற ஒரு புவியியல் மாணவரின் களக் குறிப்புகளில், ஒரு மலைச்சரிவில் இக்தியோஸ்டெகா எலும்புகள் நிறைய இருப்பதாக எழுதியிருந்ததை அவர் கண்டார். அந்த இடத்தைத் தேடி 1987-ல் போனார். கிடைத்தவை பெரும்பாலும் அகாந்தோஸ்டெகா என்ற வேறொரு விலங்கின் எலும்புகள்; 1952-ல் யார்விக் சில மண்டையோட்டுத் துண்டுகளை மட்டும் வைத்துப் பெயரிட்டிருந்த விலங்கு அது. சுமார் 36.5 கோடி ஆண்டுப் பழமையானது. நீளம் 60 சென்டிமீட்டர் அளவு. பாறையிலிருந்து முன்னங்காலை மெல்ல விடுவித்தபோது விரல்கள் ஐந்தோடு நிற்கவில்லை. எட்டு இருந்தன. 1990-ல் மைக்கேல் கோட்ஸும் கிளாக்கும் இதை வெளியிட்டனர். அதே ஆய்வில் இக்தியோஸ்டெகாவின் பின்னங்காலில் ஏழு விரல்கள் என்று தெரிந்தது. ரஷ்யாவின் தூலா பகுதியில் கிடைத்த தூலெர்பெட்டானுக்கு ஆறு. ஐந்து என்பது தொடக்க எண்ணிக்கையே அல்ல. பல எண்ணிக்கைகள் இருந்து, பிறகு ஐந்தில் நிலைத்தது.

விரல் எண்ணிக்கையைவிட முக்கியமானது அகாந்தோஸ்டெகாவின் மற்ற உறுப்புகள். அதற்கு மீனைப்போல் உட்செவுள்கள் இருந்தன என்பதைச் செவுள் எலும்புகளில் ரத்தக்குழாய் ஓடிய பள்ளங்கள் காட்டின. வாலில் முட்களோடு கூடிய அகலமான துடுப்பு. விலா எலும்புகள் குட்டை. உடலைத் தாங்கப் போதாதவை. மணிக்கட்டு முறையாக உருவாகவில்லை. முழங்கையும் முழங்காலும் எடையைச் சுமக்கும்படி அமையவில்லை. நான்கு கால், எட்டு எட்டு விரல், ஆனால் நடக்க முடியாது. அது முழுக்க நீர்வாழ் விலங்கு. செடிகொடி அடர்ந்த ஆழமற்ற நீரில் தண்டுகளைத் தள்ளிக்கொண்டு நகரவும் அடித்தரையில் ஊன்றவும் அந்தக் கால்கள் பயன்பட்டிருக்கலாம். 2016-ல் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் கதிரால் அதன் மேற்கை எலும்புகளின் உட்புறத்தை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மரத்தின் ஆண்டு வளையம் போன்ற வளர்ச்சிக் கோடுகளின்படி அந்த விலங்குகள் ஆறு வயதாகியும் முழு வளர்ச்சி அடையாதவை.

இக்தியோஸ்டெகாவின் பழைய படமும் நிலைக்கவில்லை. 2012-ல் ஸ்டெஃபனி பியர்ஸ், கிளாக், ஜான் ஹட்சின்சன் மூவரும் அதன் மூட்டுகளைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி அசைத்துப் பார்த்தனர். தோளும் இடுப்பும் நடைக்குத் தேவையான விதத்தில் சுழலவே முடியாது. முன்னங்கால்களை ஊன்றி, சேற்றுத்தாவி மீனைப்போல் உடலை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பின்னங்கால்கள் துடுப்பு வேலையே செய்தன.

இந்த இரண்டு விலங்குகளும் சொல்லும் செய்தி இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. நுரையீரல், உள்நாசி, கழுத்து, முழங்கை, விரல், கால் என்று நிலவாழ்வின் அடையாளங்களாகக் கருதப்பட்ட ஒவ்வொன்றும் தண்ணீருக்குள்ளேயே, தண்ணீர் வாழ்வுக்காகவே உருவானது. நிலத்தில் அவை பயன்பட்டது பிந்திய கதை. காதும் அப்படியே: மீனில் தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடித்த எலும்பு, அந்த வேலை குறையக் குறையச் சிறுத்து, இன்று நம் நடுக்காதின் அங்கவடி எலும்பாக இருக்கிறது. அகாந்தோஸ்டெகாவில் அது இன்னும் குட்டையாகவும் தடித்தும் இருந்தது. காற்றில் வரும் ஒலியைக் கேட்க உதவாது.

மரபணுச் சான்று

துடுப்பு முட்களும் விரல்களும் வெவ்வேறு வகை எலும்புகள். முட்கள் தோலில் நேராக எலும்பாகுபவை. விரல்கள் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பிறகு எலும்பாகுபவை. ஆகவே இரண்டுக்கும் சம்பந்தமில்லை, விரல் முற்றிலும் புதியது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. எலிக் கருவில் ஹாக்ஸ்13 வகை மரபணுக்கள் இரண்டை முடக்கினால் விரல்களே உருவாவதில்லை என்பது 1996-ல் தெரிந்தது. மீனில் அதே மரபணுக்கள் என்ன செய்கின்றன? 2016-ல் ஷூபினின் ஆய்வுக்கூடத்தில் டெட்சுயா நாகமுராவும் மற்றவர்களும் வரிக்குதிரை மீனில் அவற்றை வெட்டி நீக்கினர். துடுப்பு முட்கள் குறுகின. உள்ளே குருத்தெலும்பு வழி உருவாகும் சிற்றெலும்புகள் கூடின. விரலையும் முள்ளையும் உருவாக்கும் ஏற்பாடு ஒன்றுதான். அதே உயிரணுக் கூட்டம் மீனில் ஒரு வழியும் எலியில் இன்னொரு வழியும் போகிறது.

2021-ல் ஹார்வர்டில் நடந்த ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரே மரபணுவில் ஓரெழுத்து மாறிய வரிக்குதிரை மீனின் துடுப்பில், சாதாரணமாக இல்லாத நீண்ட எலும்புகள் இரண்டு தோன்றின. மூட்டும் தசையும் சேர்ந்தே வந்தன. கையைக் கட்டும் ஏற்பாட்டின் ஒரு பகுதி, கையே இல்லாத கதிர்த்துடுப்பு மீனிலும் அடங்கிக் கிடக்கிறது என்று இதற்குப் பொருள்.

வாழ்க்கைமுறையும் எலும்பை வளைக்கும். 2014-ல் கனடாவின் எமிலி ஸ்டாண்டனும் மற்றவர்களும் பாலிப்டெரஸ் குஞ்சுகளை எட்டு மாதம் ஈரத்தரையில் வளர்த்தனர். நீரில் வளர்ந்தவற்றைவிட அவை தலையை உயர்த்தி, துடுப்பை உடலோடு நெருக்கி ஊன்றி நடந்தன. தோளெலும்பின் வடிவமும் மாறியிருந்தது. பரம்பரையாக மாறும் முன்பே ஓர் ஆயுளுக்குள் உடல் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதற்கு இது நல்ல அளவுகோல். டெவோனியனில் இப்படித்தான் நடந்தது என்பதற்கு நேரடிச் சான்றாகாது.

ஏன் வந்தன

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாடநூல்கள் சொன்ன விடை ஆல்ஃபிரட் ரோமருடையது. டெவோனியன் காலத்தில் வறட்சியால் குளங்கள் வற்றின. மீன்கள் அடுத்த குளத்தைத் தேடித் தரையில் ஊர்ந்தன. அப்படி ஊர்ந்தவை பிழைத்துக் கால் பெற்றன. தண்ணீரிலேயே தொடர்ந்து வாழ்வதற்காகக் கால் முளைத்தது என்ற அந்த முரண் அழகானது. அதனாலேயே நெடுநாள் நிலைத்தது. ஆனால் வறட்சிக்குச் சான்றாகக் காட்டிய செந்நிறப் பாறைகள் வறண்ட இடங்களில் மட்டும் உருவாவதில்லை என்று பிறகு தெரிந்தது. நடக்கவே முடியாத கால்களோடு அகாந்தோஸ்டெகா வந்ததும் இந்தக் கருத்து விழுந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதன் இடத்தில் ஒரே விடை வரவில்லை. டெவோனியன் காலத்தில்தான் பூமியில் முதல் காடுகள் எழுந்தன. இலையும் கிளையும் ஆற்றில் விழுந்து அழுகி நீரின் ஆக்சிஜனைக் குறைத்தன, ஆழமற்ற சிக்கலான நீர்நிலைகளை உருவாக்கின. கரையில் பூரான் வகைகளும் தேள் வகைகளும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. பெரிய எதிரி எவரும் இல்லாத விருந்து. நீரிலோ சில மீட்டர் நீளமுள்ள கொலைமீன்கள். 2017-ல் மால்கம் மெக்ஐவரும் லார்ஸ் ஷ்மிட்ஸும் புதைபடிவங்களின் கண்குழிகளை அளந்து, விரலுள்ள கால் தோன்றுவதற்கு முன்பே கண்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகித் தலையுச்சிக்கு ஏறிவிட்டன என்று காட்டினர். கண் பெரிதானதால் நீருக்குள் பார்வை அதிகம் கூடாது. நீருக்கு வெளியே பார்த்தால் பன்மடங்கு கூடும். ரஷ்யாவின் கோமி பகுதியில் கிடைத்து 2019-ல் விவரிக்கப்பட்ட, சுமார் 37.2 கோடி ஆண்டுப் பழமையான பார்மாஸ்டெகா இதற்குப் பொருந்துகிறது: முதலைக் கண், தலையின் மேற்பகுதியில் நீரசைவை உணரும் புலன்கோடு இல்லை. கண்ணை நீர்மட்டத்துக்கு மேல் வைத்துக் கரையில் நடமாடும் இரையைப் பார்த்துக் காத்திருந்த விலங்கு அது. சந்திரனின் ஈர்ப்பால் எழும் பெரிய ஓதங்கள் வற்றும்போது கரையோரக் குட்டைகளில் சிக்கிய மீன்களே கடலுக்குத் திரும்ப ஊர்ந்தன என்ற கருத்தும் அண்மையில் கணினிக் கணக்குகளோடு முன்வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் இரைதேடும் கண்ணின் கதைக்கே எலும்புச் சான்று அதிகம்.

எங்கே, எப்போது

நன்னீரா கடலோரமா என்ற சண்டை பழையது. கிரீன்லாந்து, சீனப் புதைபடிவங்களின் கந்தக, ஆக்சிஜன் ஓரிடத்தான்களை 2018-ல் அளந்தவர்கள், இந்த விலங்குகள் ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களில், உப்பு ஏறி இறங்கும் நீரில் வாழ்ந்தவை என்றனர். உலகில் பல கண்டங்களில் அவை ஒரே காலத்தில் காணப்படுவதற்கும் இது பொருந்தும். வெப்பமண்டலத்தில் மட்டும் வாழ்ந்தன என்ற எண்ணமும் அதே ஆண்டில் உடைந்தது. தென்னாப்பிரிக்காவின் வாட்டர்லூ ஃபார்ம் பாறைகளில் ராபர்ட் கெஸ்ஸும் ஆல்பெர்க்கும் விவரித்த டுட்டூசியஸ், உம்சான்சியா இரண்டும் சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிக் வட்டத்துக்குள் வாழ்ந்தவை.

காலக்கணக்கில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது போலந்து. அந்நாட்டின் சாஹெவ்மியே கல்குவாரியில் விரல் பதிந்த காலடித் தடங்கள் இருப்பதாக 2010-ல் கிரெகோர்ஷ் நெஜ்விட்ஸ்கியும் மற்றவர்களும் அறிவித்தனர். பாறையின் வயது சுமார் 39 கோடி ஆண்டு. டிக்டாலிக்கைவிட ஒன்றரைக் கோடி ஆண்டு முந்தியது. மிகப்பெரிய தடம் 26 சென்டிமீட்டர் அகலம். அதைப் பதித்த விலங்கு இரண்டரை மீட்டர் நீளம் இருந்திருக்கும். உடலோ வாலோ இழுபட்ட கோடு இல்லை. நீரில் மிதந்தபடி அடித்தரையில் கால் பதித்திருக்கலாம். மீன்கள் குழிபறித்த தடங்களே இவை என்று வாதிட்டவர்களும் உண்டு. அயர்லாந்தின் வலென்ஷியா தீவில் உள்ள சுமார் 38.5 கோடி ஆண்டுப் பழமையான தடவரிசையும் சேரும்போது, போலந்துத் தடங்களை ஒதுக்குவது கடினமாகிறது. அவை உண்மையானால் டிக்டாலிக்கும் எல்பிஸ்டோஸ்டெகியும் முன்னோர்களே அல்ல. முன்னோர் வகையிலிருந்து பிரிந்து பிற்காலம்வரை பிழைத்திருந்த உறவுகள். மாற்றங்கள் நிகழ்ந்த வரிசையை அறிய அவை இன்னும் பயன்படும். நிகழ்ந்த தேதியை அறியப் பயன்படா.

நிலத்தில் நின்றவை

டெவோனியன் முடிவில், சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன், பேரழிவு ஒன்று மீன் வகைகள் பலவற்றை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்து வந்த ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு நாற்கால் உயிரிகளின் எலும்புகள் மிக அரிது. இதை ரோமர் இடைவெளி என்பார்கள். இடைவெளிக்கு முன் இருந்தவை நீரில் வாழ்ந்த பல விரல் விலங்குகள். பின் வந்தவை நிலத்தில் நடந்த ஐந்து விரல் விலங்குகள். நடுவே நடந்ததுதான் தெரிய வேண்டியது, அதுவே மறைந்திருந்தது.

மறைப்பு கொஞ்சம் விலகியதிலும் கிளாக்குக்குப் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் அருகே 1971-ல் எடுத்த ஒரு புதைபடிவம் மீன் என்று பெயரிடப்பட்டு கிளாஸ்கோ அருங்காட்சியகத்தில் முப்பதாண்டு கிடந்தது. பாறையை நீக்கிப் பார்த்தபோது அது ஒரு நாற்கால் உயிரியின் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு: பெடர்பெஸ். 2002-ல் கிளாக் விவரித்தார். சுமார் 34.8 கோடி ஆண்டுப் பழமையான அதன் பாதம் பக்கவாட்டில் விரியாமல் முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. நடைக்கு ஏற்ற பாதத்தின் மிகப் பழைய எலும்புச் சான்றுகளில் அது ஒன்று. 2016-ல் ஸ்காட்லாந்து எல்லைப்பகுதியிலிருந்து மேலும் ஐந்து விலங்குகளை அவருடைய குழு அறிவித்தது. தேடாததால் இருந்த இடைவெளியே பெரும்பகுதி என்று இப்போது தோன்றுகிறது.

இதன்பின் வம்சம் இரண்டாகப் பிரிந்தது. முட்டையிட நீரை நாடுபவை தவளை முதலான இருவாழ்விகளாயின. பனிக்குடம் சூழ்ந்த கருவைக் கொண்ட முட்டையைப் பெற்றவை நீரை விட்டே விலகிப் போயின. ஊர்வன, பறவை, பாலூட்டி எல்லாம் அந்தக் கிளை. இக்கிளையின் மிகப் பழைய உறுதியான எலும்புக்கூடு கனடாவின் ஜாகின்ஸில், பட்டுப்போன மரத்தூர்களின் பொந்துகளில் கிடைத்த ஹைலோனோமஸ். வயது சுமார் 31.8 கோடி ஆண்டு.

2025 மே மாதம் அந்தக் கணக்கும் கேள்விக்குள்ளானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்ட் அருகே ஓர் ஆற்றங்கரைப் பாறையில், நகம் பதிந்த காலடித் தடங்களை ஆர்வலர் இருவர் கண்டெடுத்திருந்தனர். ஜான் லாங்கும் ஆல்பெர்க்கும் மற்றவர்களும் ‘நேச்சர்’ இதழில் விவரித்தனர். பாறையின் வயது 35.9 கோடிக்கும் 35.4 கோடிக்கும் இடைப்பட்டது. நகம் பனிக்குடக் கிளையின் அடையாளம். அது சரியென்றால் அந்தக் கிளை ஜாகின்ஸ் எலும்புக்கு ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டு முன்பே, ரோமர் இடைவெளியின் தொடக்கத்திலேயே, நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. இருவாழ்விகளின் கிளை அதற்கும் முன்பே, டெவோனியனிலேயே பிரிந்திருக்க வேண்டும். போலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தடம் எலும்பை முந்திக்கொண்டிருக்கிறது. தடமும் அதைப் பதித்த விலங்கின் எலும்பும் ஒரே பாறையில் சேர்ந்து கிடைக்கும்வரை இந்தத் தேதிகளைத் தற்காலிகமாகவே கொள்ள வேண்டும். தேட வேண்டிய இடம் தெற்குக் கண்டங்கள். இதுவரை தோண்டியதில் பெரும்பகுதி வடக்கில்தான்.